வான்கூவரின் ஒழுகும் அடுக்ககங்கள்: தடுப்புகள் அறுந்த இடங்கள்

கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், 1980-களின் தொடக்கத்திலிருந்து 1990-களின் கடைசி வரை மூன்று, நான்கு மாடி மரச்சட்டக அடுக்ககங்கள் ஏராளமாக எழுந்தன. அவற்றில் பலவற்றின் வெளிச்சுவர் பத்தாண்டு முடிவதற்குள்ளேயே உள்ளுக்குள் மக்கத் தொடங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் வழவழப்பான ஸ்டக்கோ (சிமென்ட் காரை) பூச்சும் பளிச்சென்ற வண்ணமும்தான் தெரியும். பூச்சைப் பெயர்த்தால் அடியில் கறுத்துப்போய், விரலால் அழுத்தினாலே பொடியும் பலகை. ஆண்டுக்கணக்கில் வான்கூவரின் பல தெருக்களில் சாரமும் தார்ப்பாயும் போர்த்திய கட்டடங்கள் நின்றன. பழுதுபார்க்க ஆன செலவு சுமார் 400 கோடி கனடிய டாலர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மாகாணத்தின் முன்னாள் முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் 1998-இல் விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது.

மோசமான பொருள், திருட்டுக் கட்டுமானம் என்று இதை முடித்துவிடுவது எளிது. ஆனால் தாள் தாளாகவும் பலகை பலகையாகவும் நன்றாகவே இருந்தன. ஒரு பொருள் முடிந்து அடுத்தது தொடங்கும் கோட்டில், ஒருவர் வேலையை முடித்து அடுத்தவர் கைக்குக் கொடுத்த இடத்தில்தான் தடுப்பு அறுந்தது.

சுவரின் அடுக்குகள்

வெளியிலிருந்து உள்ளே வருவோம். சுமார் 20 மி.மீ. ஸ்டக்கோ, அதைப் பிடித்து நிறுத்தும் கம்பி வலை, தார் ஊறிய கட்டடத் தாள், மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய 11 மி.மீ. ஓ.எஸ்.பி. பலகை, மரச்சட்டங்கள், அவற்றின் இடைவெளியில் கண்ணாடி இழைப் பஞ்சு, 0.15 மி.மீ. பாலித்தீன் தாள், கடைசியாக ஜிப்சம் பலகை. ஸ்டக்கோவுக்கும் தாளுக்கும் நடுவில் இடைவெளி கிடையாது. ஈரப் பூச்சு தாளின் மேலேயே ஒட்டிக் காய்ந்துவிடும்.

இந்த அடுக்குகளுக்குள் நான்கு தடுப்புகள் இருக்கின்றன. மழையை முதலில் தள்ளிவிடுவது ஸ்டக்கோ. அதைத் தாண்டி வந்ததை வடித்துவிட வேண்டியது தாள். காற்றையும் நீராவியையும் தடுப்பது பாலித்தீன். வெப்பத்தைப் பிடிப்பது பஞ்சு. வரைபடம் கைக்கு வந்ததும் குறுக்குவெட்டுத் தோற்றத்தை எடுத்து, ஒவ்வொரு தடுப்பின் மேலும் ஒரு நிறப் பேனாவை வைத்து, அடித்தளத்திலிருந்து கூரை வரை கையை எடுக்காமல் கோடு இழுத்துப் பாருங்கள். பேனா எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு விவரப்படம் குறைகிறது. அந்தக் காலத்து வரைபடங்களில் சுவரின் நடுப்பகுதியில் கோடு தடையில்லாமல் ஓடும். ஜன்னல், பால்கனி, கைப்பிடிச் சுவர், கூரை விளிம்பு ஆகியவற்றை நெருங்கியதும் நின்றுவிடும். சில வரைபடங்களில் அந்த இடத்தில் 'சீலன்ட்' (இடுக்கை அடைக்கும் பசை) என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருக்கும்.

கனடாவின் மத்திய வீட்டுவசதிக் கழகத்துக்காக 1996-இல் ஒரு கள ஆய்வு நடந்தது. 46 கட்டடங்களை எடுத்துக்கொண்டார்கள். 37 பழுதானவை, 9 ஒப்பீட்டுக்கான நல்லவை. பழுதுக்குக் காரணமான நீர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த மழைதான் என்பது ஒரு முடிவு. அந்த நீர்க்கசிவுகளில் சுமார் 90 விழுக்காடு சந்திப்புகளிலும் துளைப்புகளிலும் நடந்தது என்பது இன்னொன்று. கூரை நீட்டமே இல்லாத சுவர்களில் பெரும்பாலானவை பழுதாகியிருந்தன. 600 மி.மீ.க்கு மேல் நீட்டம் இருந்த சுவர்களில் பழுது வெகு குறைவு. ஜன்னலுக்குச் சன்ஷேடு இல்லாமல் வீடு கட்டமாட்டேன் என்று அடம்பிடிக்கும் நம்மூர்க் கொத்தனாருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நீட்டம் ஏன் போயிற்று? கலிஃபோர்னிய, மத்தியதரைக்கடல் பாணி முகப்புகள் அப்போது விலைபோயின. தட்டையான மேல்விளிம்பும் வளைவுகளும் அவற்றின் அடையாளம். கூடவே ஒரு கணக்கும் இருந்தது. நம்மூரில் எஃப்.எஸ்.ஐ. என்கிற தளப்பரப்பு விகிதத்தை அங்கே சுவரின் வெளிமுகம் வரை அளந்தார்கள். சுவர் 20 மி.மீ. தடித்தால் விற்கக்கூடிய பரப்பில் 20 மி.மீ. போயிற்று. எனவே இடைவெளி விட்ட சுவரைக் கட்டுபவருக்கு விதியே தண்டனை கொடுத்தது. பின்னாளில் வான்கூவர் நகராட்சி இதைத் திருத்தி, கட்டட உறை (வெளிச்சுவரும் கூரையும்) நிபுணர் பரிந்துரைத்தால் 152 மி.மீ.க்கு மேற்பட்ட சுவர்த் தடிமனை, ஓர் உச்சவரம்புக்குள், கணக்கிலிருந்து விலக்கியது.

ஒரு லிட்டர் தண்ணீர் என்ன செய்யும்?

வான்கூவரில் ஆண்டுக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை. சென்னையில் அதைவிட அதிகம். வேறுபாடு மழை பெய்யும் விதத்தில். சென்னையில் கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும். ஈரம் குடித்த செங்கல் சுவர் ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும். வான்கூவரில் ஆண்டில் 160 நாளுக்கு மேல் ஏதாவது தூறும். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் மார்ச் வரை, வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே கிடக்கும்போது. உள்ளே போன ஈரம் வெளியேற வழியே இருக்காது.

11 மி.மீ. ஓ.எஸ்.பி. ஒரு சதுர மீட்டர் சுமார் 7 கிலோ எடை. அதில் ஒரு லிட்டர் ஊறினால் ஈரப்பதம் 14 புள்ளி ஏறும். 12 விழுக்காட்டில் இருந்த பலகை 26-க்குப் போய்விடும். ஆனால் நீர் ஒரு சதுர மீட்டரில் சீராகப் பரவாது. ஜன்னலின் கீழ்மூலைக்கு அடியில் அரைச் சதுர மீட்டரில் தேங்கினால் ஈரப்பதம் 40-ஐத் தொடும். மரம் 19 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை கவலையில்லை. 28-ஐத் தாண்டிப் பல வாரம் நின்றால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். ஆகவே சுவரை மக்கவைக்கப் பெரிய ஒழுகல் எதுவும் தேவைப்படவில்லை. ஒவ்வொரு மழைக்கும் ஒரு தம்ளர் போதும், உலர்வதைவிட நனைவது சற்றே கூடுதலாக இருக்கும்வரை.

ஜன்னலின் கீழ்மூலை

இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். ஓரத்தில் ஆணித்தகடு உள்ள ஜன்னலைச் சட்டகம் அடிக்கும் தச்சரே முதலில் பொருத்திவிட்டுப் போய்விடுவார், ஓ.எஸ்.பி. மேலேயே தகடு அறையப்பட்டிருக்கும். அடுத்த வாரம் ஸ்டக்கோ ஆட்கள் வந்து தாளை விரிப்பார்கள். ஜன்னலின் தலைமாட்டிலும் பக்கங்களிலும் தாள் தகட்டின் மேல் வருவது சரி. அடிப்பக்கத்தில் தாள் தகட்டுக்குக் கீழே போயிருக்க வேண்டும். ஆனால் தகடு ஏற்கெனவே ஆணி அடித்துக் கிடக்கிறது. அதனால் தாளை அதன் மேலேயே மடித்து ஒட்டிவிட்டார்கள். மேலிருந்து வரும் நீர் தகட்டின் வழியே வழிந்து நேரே தாளின் பின்பக்கம் இறங்கும். தாளும் ஜன்னலும் எவ்வளவு உயர்ந்த தரமானாலும் இந்த ஒரு தலைகீழ் மடிப்பு போதும்.

ஜன்னலும் தன் பங்குக்கு ஒழுகியது. அலுமினியச் சட்டத்தின் கீழ்மூலைகளை 45 பாகையில் வெட்டி இணைப்பார்கள். அந்த இணைப்பில் இட்ட சீலன்ட், ஜன்னலைக் கொண்டுவரும் வழியில் அதிர்ந்தே விட்டுவிடலாம். ஆகவே ஜன்னல் ஒழுகத்தான் செய்யும் என்று எடுத்துக்கொண்டு, அதன் அடியில் ஒரு தொட்டி அமைப்பதுதான் சரியான வழி. வரிசை இப்படி:

1. திறப்பின் அடிக்கட்டையை வெளிப்புறம் நோக்கிச் சாய்க்க வேண்டும். 100-க்கு 6 என்ற சரிவு வசதி. கட்டைக்குக் கீழே ஒரு தாள் பட்டையை முன்கூட்டியே தொங்கவிட்டு அதன் அடிவிளிம்பை ஒட்டாமல் விட வேண்டும். சுவர்த்தாள் பின்னால் வந்து அதற்கு அடியில் நுழையும்.

2. அடிக்கட்டையின் உள்விளிம்பில் 25 மி.மீ. உயரத்துக்கு எல் வடிவ உலோகக் கோணம்.

3. தானே ஒட்டும் மெம்ப்ரேனை, அதாவது நீர்புகாத் தாளை, கட்டையின் மேலும் கோணத்தின் மேலும் போர்த்தி, இரு பக்கமும் குறைந்தது 150 மி.மீ. ஏற்ற வேண்டும். மூன்று தளங்கள் சந்திக்கும் மூலையில் மெம்ப்ரேனை வெட்டி மடிக்கும்போது உச்சியில் ஓர் ஊசித்துளை மிஞ்சும். அதன் மேல் தனியாக ஒரு மூலைத்துண்டு ஒட்டியே தீர வேண்டும். கிழித்துப் பார்த்த பழுதுகளில் கறுப்புக் கறை பெரும்பாலும் இந்தப் புள்ளியிலிருந்தே விரியும்.

4. பக்க மெம்ப்ரேன் அடி மெம்ப்ரேனின் மேல். தலை மெம்ப்ரேன் பக்கத்தின் மேல்.

5. ஜன்னலை 6 மி.மீ. ஆப்புகளின் மேல் நிறுத்த வேண்டும். மேல்தகட்டுக்கும் பக்கத் தகடுகளுக்கும் பின்னால் சீலன்ட் உண்டு. அடித்தகட்டுக்குக் கூடாது, நீர் வெளியேற அதுதான் வழி. அடியிலும் நன்றாக அடைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்பவர் தொட்டியின் வாயை மூடியிருக்கிறார்.

6. உட்புறத்தில், ஜன்னல் சட்டத்துக்கும் அந்த 25 மி.மீ. கோணத்துக்கும் நடுவே நுரைக்கயிறு திணித்து, அதன் மேல் சீலன்ட், சுற்றிலும் அறுபடாமல். இது காற்றுத்தடை.

7. தலைமாட்டில் ஃபிளாஷிங், அதாவது நீரை வெளியே திருப்பும் தகடு. பின்பக்கம் தாளுக்கு அடியில் 50 மி.மீ. ஏறியிருக்க வேண்டும், வெளியே 6 விழுக்காடு சரிவு, கீழே உள்ள பாகத்தை 10 மி.மீ. மூடி, முகத்திலிருந்து 5 மி.மீ. தள்ளிய சொட்டு விளிம்பு. இரு முனைகளிலும் 25 மி.மீ. மடிப்பு நிமிர்ந்திருக்காவிட்டால், தகட்டில் ஓடிவரும் நீர் பக்கவாட்டில் ஸ்டக்கோவுக்குள் நுழைந்துவிடும்.

ஆறாவது படியைக் கண்ணாடிக்காரர், ஜிப்சம்காரர், பாலித்தீன் விரித்தவர் என்று ஒருவர் மாற்றி ஒருவர் அடுத்தவர் வேலை என்று விட்டுவிடுவது வழக்கம். குளிர்காற்று வராமல் இருக்கத்தானே என்று அலட்சியமாக நினைக்கிறார்கள். மழையைத் தடுப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. மணிக்கு 50 கி.மீ. காற்று முகப்பில் மோதினால் சுமார் 115 பாஸ்கல் அழுத்தம்; அது 12 மி.மீ. நீர்த்தம்பத்துக்குச் சமம். உட்புற அடைப்பு காற்றைப் பிடித்துக்கொண்டால் அந்த அழுத்தம் முழுவதும் உலர்ந்த உட்கோட்டில் விழும். தொட்டியில் நிற்கும் நீரைத் தள்ள எதுவும் மிஞ்சாது. அடைப்பு விட்டுப்போனால் காற்று அந்த இடுக்கில் பாய்ந்து நீர்த்துளிகளையும் இழுத்துக்கொண்டு உள்ளே போகும். 25 மி.மீ. கோணம் தனியே 245 பாஸ்கல் வரை தாங்கும். மணிக்கு 73 கி.மீ. காற்றுக்கு அது ஈடு. காற்றும் சேர்ந்து அடைபட்டால்தான் அந்தக் கணக்கு நிற்கும்.

கைப்பிடிச் சுவர் முட்டும் மூலை

பால்கனியைச் சுற்றிக் கம்பி அழிக்குப் பதிலாக ஸ்டக்கோ பூசிய மரச்சட்டக் குட்டைச் சுவர் வைப்பது அப்போதைய மோஸ்தர். அது பெரிய சுவரில் போய் முட்டும் மேல்மூலைதான் ஜன்னலுக்கு அடுத்து அதிகம் அழுகிய இடம். தச்சர் குட்டைச் சுவரைப் பெரிய சுவரின் ஓ.எஸ்.பி.யோடு சேர்த்து ஆணியடித்துவிடுவார். பிறகு தாள் விரிக்கும்போது, முட்டிய பகுதியின் பின்னால் தாள் போக வழியில்லை. அந்த அளவுக்குத் தாளில் ஒரு ஓட்டை நிரந்தரமாகிறது. மேலே தட்டையான ஸ்டக்கோ, அதில் இரண்டு குளிர்காலத்துக்குள் ஒரு விரிசல், போதாக்குறைக்கு மேலிருந்து திருகிய கைப்பிடிக் கம்பத்தின் ஆணித்துளைகள்.

திருத்தம் தச்சரின் வேலைக்கு முன்பே தொடங்க வேண்டும். குட்டைச் சுவர் வரும் இடத்தில் பெரிய சுவரின் மேல், இரு பக்கமும் 150 மி.மீ. கூடுதலாக, மெம்ப்ரேன் ஒட்டிய பிறகுதான் சட்டம் அடிக்க வேண்டும். குட்டைச் சுவரின் தலையில் பால்கனிப் பக்கம் சரியும் மெம்ப்ரேன். அது முட்டும் இடத்தில் பெரிய சுவரில் ஏறி, சுவர்த்தாளுக்கு அடியில் போக வேண்டும். அதன் மேல் மூடு தகடு. தகட்டின் முனையில் இருபுறமும் நிமிர்ந்த ஒரு துண்டைப் பற்றவைத்தோ ஈயம் வைத்தோ சேர்க்க வேண்டும். வெறும் சீலன்ட் அங்கே சில ஆண்டுகளுக்குத்தான் பேசும். கைப்பிடிக் கம்பத்தைத் தலையில் திருகாமல் பக்கவாட்டில் பிடிக்கலாம்.

சுவரைத் துளைக்கும் குழாய்கள், உலர்த்தி இயந்திரத்தின் காற்றுப்போக்கிகள், மின்பெட்டிகள் ஆகியவற்றுக்கும் இதே முறை: துளைக்கு ஒரு மெம்ப்ரேன் கழுத்துப்பட்டை, குழாய்க்கு வெளிப்புறச் சரிவு.

பாலித்தீன் மீது விழுந்த பழி

உட்புறப் பாலித்தீனும் அதிக வெப்பக்காப்பும்தான் சுவரை மூச்சுத் திணறவைத்தன என்ற வாதம் அன்றிலிருந்து ஓய்ந்தபாடில்லை. அதில் பாதி உண்மை இருக்கிறது. பழைய மரவீடுகளின் சுவரும் ஒழுகியது. ஆனால் உள்ளிருந்து கசியும் வெப்பமும் இடுக்குகளில் ஓடும் காற்றும் அதை உலர்த்திவிட்டன. வெப்பக்காப்பு வந்ததும் ஓ.எஸ்.பி. குளிர்ந்தது, பாலித்தீன் வந்ததும் உட்புறம் உலரும் வழி அடைபட்டது. உலரும் திறன் குறைந்த சுவரில் நனையும் அளவு மட்டும் பழையபடி இருந்தது. ஆகவே பாலித்தீனைக் கிழித்தெறிவது தீர்வாகாது. 21 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறைக்காற்றின் பனிநிலை, அதாவது நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 10 டிகிரி. குளிர்காலத்தில் 5 டிகிரியில் கிடக்கும் பலகையை அந்தக் காற்று தொட்டால் வியர்த்துவிடும். மழையை முதலில் வெளியே நிறுத்திவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

சென்னைக் கடலோரத்தில் ஏ.சி. அறை கட்டுபவர் இந்த வரைபடத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இங்கே வெளிக்காற்றின் பனிநிலையே சில மாதங்களில் 25 டிகிரியைத் தொடும். நீராவி வெளியிலிருந்து உள்ளே நகரும். உட்புறம் பாலித்தீனோ வினைல் சுவர்த்தாளோ ஒட்டினால் அதன் பின்னால்தான் பூஞ்சை பிடிக்கும்.

மறுபடி கட்டியது

பழுதுபார்ப்பில் நிலைத்த முறை ரெயின்ஸ்கிரீன், அதாவது பூச்சுக்கும் தாளுக்கும் நடுவே இடைவெளி விட்ட சுவர். வெளிப்பூச்சு முழுவதையும் பெயர்த்து, மக்கிய பலகையை மாற்றி பிளைவுட் அடித்து, மிஞ்சும் சட்டங்களுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் போரேட் மருந்து பூசுவார்கள். புதுத் தாளில் கிடைமட்ட மேற்படிவு 100 மி.மீ., செங்குத்து 150 மி.மீ. அதன் மேல் 400 மி.மீ. இடைவெளியில் மருந்து ஊட்டிய 19 மி.மீ. ரீப்பர், ரீப்பர் மேல் புதுப் பூச்சு. இடைவெளிக்குக் குறைந்தது 10 மி.மீ. இருந்தால் நீர் இரு பரப்பையும் ஒட்டிப் பாலமாகாது. 19 மி.மீ. வைப்பது, பூச்சுக்காரர் அழுத்தும்போது பின்னால் பிதுங்கும் காரை அடைத்துக்கொள்ளாமல் இருக்க. மேலும் கீழும் பூச்சி வலை. கட்டட மூலைகளில் இடைவெளியைச் செங்குத்தாக அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முகப்பில் மோதும் காற்று இடைவெளி வழியே அடுத்த பக்கத்துக்குச் சுற்றி ஓடும்.

ஒவ்வொரு மாடிக் கோட்டிலும் இடைவெளியைக் குறுக்கே வெட்டும் ஒரு ஃபிளாஷிங். நீரை வெளியே தள்ளுவது மட்டும் அதன் வேலையில்லை. மரச்சட்டகம் காயும்போது மாடிக்கு மாடி இறங்கும். தளத்தின் விட்டமும் மேல்-கீழ்ச் சட்டங்களும் சேர்த்து 350 மி.மீ. குறுக்கிழை மரம், ஈரப்பதம் 10 புள்ளி குறைந்தால் 7 முதல் 9 மி.மீ. சுருங்கும். புதுக் கட்டடத்தில் அந்த இடத்தில் 12 மி.மீ.யாவது இடம் விடாவிட்டால் பூச்சு நொறுங்கும், அல்லது தகடு உள்பக்கம் சாய்ந்து நீரைச் சுவருக்குள்ளேயே ஊற்றும்.

பணம் மிச்சம் பிடிக்க மழை அடிக்கும் ஒரு பக்கத்தை மட்டும் திருத்திய இடங்களும் உண்டு. புதுச் சுவரின் தாள் பழைய சுவரின் தாளோடு சேரும் செங்குத்துக் கோடு ஒரு புதிய சந்திப்பு. அதற்கும் ஒரு விவரப்படம் தேவை என்பதை யாரும் நினைக்காத இடங்களில் பழுது அந்தக் கோட்டிலிருந்தே மறுபடி தொடங்கும்.

வெப்பத்தடுப்பு

முதல் அலைப் பழுதுபார்ப்பு மழையோடு நின்றுவிட்டது. பஞ்சு சட்டங்களுக்கு நடுவிலேயே இருந்தது. வெப்பக்காப்பைச் சட்டகத்துக்கு வெளியே கொண்டுபோனால் ஒரே கோட்டில் நான்கு தடுப்பும் வந்துவிடும்: பலகை மேல் ஒட்டும் மெம்ப்ரேன், அதன் மேல் கல்பஞ்சுப் பலகை, ரீப்பர், பூச்சு. பலகை எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரே எச்சரிக்கை, அந்த மெம்ப்ரேன் நீராவியைக் கடத்தாத வகை என்றால் காப்பின் பெரும்பகுதி அதற்கு வெளியே இருக்க வேண்டும். உட்புறம் பாலித்தீனும் பஞ்சும் அப்படியே விட்டு, வெளியே இன்னொரு கடத்தாத தாள் ஒட்டினால் நடுவில் மாட்டிய ஈரம் எந்தப் பக்கமும் போகாது.

வான்கூவரில் பெல்மான்ட் என்ற 13 மாடிக் கான்கிரீட் அடுக்ககம், 1986-இல் கட்டியது, 37 வீடுகள். 2012-இல் முடிந்த புதுப்பிப்பில் வெளிப்புறக் கல்பஞ்சும் கண்ணாடி இழைச் சட்டமும் மூன்றடுக்குக் கண்ணாடியும் கொண்ட ஜன்னல்களும் பொருத்தினார்கள். பூச்சைத் தாங்கும் பிடிப்புகளிலும் உலோகம் நேராகக் காப்பைத் துளைக்காதபடி கண்ணாடி இழைத் துண்டுகளைப் பயன்படுத்தினார்கள். முகப்பின் மொத்த வெப்பத்தடை ஆர்-2.8-இலிருந்து ஆர்-9.1-க்கு உயர்ந்தது. காற்றுக்கசிவு 55 விழுக்காடும், வீடுகளைச் சூடாக்கும் மின்சாரம் 63 விழுக்காடும் குறைந்தன. பழைய எண்ணைக் கவனியுங்கள்: சுவரின் உட்பக்கம் காப்பு இருந்தும், ஜன்னலையும் தளவிளிம்புக் கான்கிரீட்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் வெறும் 2.8. காப்பை எவ்வளவு தடிமனாக்கினாலும் தளம் அதை வெட்டிக்கொண்டு வெளியே போகும்வரை பயன் கொஞ்சம்தான்.

விதியும் சோதனையும்

மாகாணம் 1998-இல் வீட்டுரிமையாளர் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதன்படி புதுவீட்டுக்கு வேலைப்பாட்டுக்கும் பொருளுக்கும் 2 ஆண்டு, வெளி உறைக்கு 5, கட்டமைப்புக்கு 10 என்று கட்டாய உத்தரவாதம். பூச்சுக்குப் பின்னால் 10 மி.மீ. இடைவெளி என்பது பின்னர் கனடியத் தேசியக் கட்டட விதியிலும் ஏறியது.

களத்தில் பயன் தந்தது மாதிரிச் சுவர். ஒரு ஜன்னலும் அதைச் சுற்றி ஒரு மீட்டர் சுவரும் முழு வரிசைப்படி கட்டி, தாள் மட்டும் போட்ட நிலையில், பூச்சுக்கு முன்பே ஏ.எஸ்.டி.எம். இ1105 என்ற அமெரிக்கத் தரநிலை முறையில் சோதிக்கலாம்: சதுர மீட்டருக்கு நிமிடத்துக்கு 3.4 லிட்டர் நீர், 15 நிமிடம், உட்புறம் காற்றை உறிஞ்சி அழுத்த வேறுபாடு. தச்சர், ஜன்னல்காரர், தகடுக்காரர், பூச்சுக்காரர் நால்வரும் அப்போது அங்கே நிற்க வேண்டும். மேற்பார்வையாளர் மட்டும் நின்றால் பயனில்லை. ஏற்கெனவே ஒழுகும் கட்டடத்தில் வழி தேடும்போது குழாயை ஜன்னலின் தலையில் பிடிக்காதீர்கள். எல்லாம் ஒரே நேரத்தில் நனைந்து எதுவும் தெரியாமல் போகும். அடிக்கட்டைக்குக் கீழிருந்து தொடங்கி, 15 நிமிடம் பொறுத்து, பிறகு அடிக்கட்டை, கீழ்மூலை, பக்கம், கடைசியாகத் தலை என்று மேலேறுங்கள். உள்ளே முதல் துளி வரும்போது குழாய் எந்த உயரத்தில் இருந்ததோ, பிரிக்க வேண்டிய இடம் அது.